கீரையை நிறுத்தச் சொன்னது யார்?

ரத்தம் உறைதலுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லி வாசகர்களைக் கேட்டிருந்தோம். சர்க்கரை, கொழுப்பு, இதயநோய் இருப்பவர்களும் அவர்களுக்குச் சமைப்பவர்களும்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். ரத்தவியல், உணவியல் துறையினர் சேர்ந்து தந்த பதில்கள் இவை.

கே: என் கணவருக்கு வயது 61. இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். 'கீரை பக்கமே போகக் கூடாது' என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னதிலிருந்து எட்டு மாதமாக வீட்டில் கீரை வாங்குவதே இல்லை. அப்படியும் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண், கூடினால் உறைதல் தாமதம்) ஒரு மாதம் 1.9, அடுத்த மாதம் 4.3 என்று ஆடுகிறது. எங்கே தவறு? (வாசகி, மதுரை)

ப: கீரையை அடியோடு நிறுத்தியதிலேயே பாதித் தவறு இருக்கிறது.

ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் நான்கு (2, 7, 9, 10 என்று எண்ணிட்டவை) கல்லீரலில் தயாராகும்போது கடைசிக் கட்டத்தில் வைட்டமின் கே தேவைப்படுகிறது. ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடம்பு வீணாக்காது. புதுப்பித்து மறுபடி எடுத்துக்கொள்ளும். அசிட்ரோமும் அதே வகை மருந்தான வார்ஃபரினும் தடுப்பது அந்தப் புதுப்பித்தலைத்தான். அதனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, அன்றாடம் சாப்பாட்டில் வரும் வைட்டமின் கே-யின் அளவே கணக்கைத் தீர்மானிக்கிறது. மருத்துவர் மாத்திரையின் அளவை முடிவு செய்வதும் அப்படி வரும் அளவை வைத்துத்தான்.

வரத்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? பானையில் ஒரு பிடி அரிசி மட்டும் இருக்கிற வீட்டுக்கு இரண்டு விருந்தாளி வந்த கதைதான். ஒருநாள் கல்யாண வீட்டில் புதினாத் துவையலும் கூட்டும் சாப்பிட்டாலே ஐ.என்.ஆர். சரிகிறது. இரண்டு நாள் காய்ச்சலில் கஞ்சியோடு நிறுத்தினால் எகிறுகிறது. தினமும் ஓரளவு வைட்டமின் கே வந்துகொண்டிருப்பவருக்கு அதே துவையலும் அதே காய்ச்சலும் இவ்வளவு ஆட்டம் காட்டாது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே முருங்கைக்கீரை பொரியல் செய்துவிடாதீர்கள். கீரை சேர்த்தால் ஐ.என்.ஆர். இறங்கும். மைட்ரல் உலோக வால்வுக்குப் பொதுவாக வைக்கும் இலக்கு 2.5 முதல் 3.5 வரை. அதற்குக் கீழே போனால் வால்வின் மேலேயே ரத்தம் கட்டி, அது அசையாமல் சிக்கிக்கொள்ளலாம். கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே முதல் வேலை, 'கீரையை அளவாகத் திரும்ப ஆரம்பிக்கிறோம்' என்று மருத்துவரிடம் சொல்வது. அதன்பின் இப்படிச் செய்யலாம்.

வாரத்தில் மூன்று நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்த நாட்களில் வெந்த கீரை ஒரு சின்னக் கிண்ணம், அதாவது நிரப்பித் தட்டிய நான்கு மேசைக்கரண்டி, 50 முதல் 60 கிராம். எடைபோடத் தேவையில்லை, ஆனால் கிண்ணம் மாறக் கூடாது. கூட்டோ கடைசலோ மசியலோ எப்படிச் செய்தாலும் சரி. வேகவைப்பதால் வைட்டமின் கே பெரிதாகக் குறையாது. ஆரம்பித்து ஐந்து முதல் ஏழு நாளில் ஒரு ஐ.என்.ஆர்., அதிலிருந்து ஒரு வாரத்தில் இன்னொன்று. மாத்திரை அளவை மருத்துவர் அதற்கேற்ப ஏற்றுவார். ஏற்றிய பின் கீரையை மறுபடி நிறுத்தினால் இந்தமுறை ஐ.என்.ஆர். மேலே போகும், ஜாக்கிரதை.

ஐந்து நாள் ஏன் காத்திருக்க வேண்டும்? நான்கு புரதங்களும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. ஏழாவது புரதம் சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். இரண்டாவது பாதியாக இரண்டரை நாள் பிடிக்கும். விருந்து சாப்பிட்ட மறுநாள் எடுத்த ஐ.என்.ஆர். பாதிக் கதையைத்தான் சொல்லும்.

தவறின் மறுபாதி எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கும் சில இடங்களைப் பாருங்கள். காலை நடைப்பயிற்சி முடித்துவிட்டுப் பூங்கா வாசலில் அருகம்புல் சாறு, முருங்கை சூப் குடிக்கிறாரா? 'கீரையே சாப்பிடுவதில்லை' என்று சொல்பவர்கள் பலர் கணக்கில் சேர்க்காத கீரை அதுதான். சமையலுக்கு ஒரு மாதம் சூரியகாந்தி எண்ணெய், மறுமாதம் சோயா எண்ணெய் என்று சலுகை விலை பார்த்து மாற்றுகிறீர்களா? சோயா எண்ணெயில் 100 கிராமுக்குச் சுமார் 180 மைக்ரோகிராம் வைட்டமின் கே உண்டு. சூரியகாந்தியில் 5 அல்லது 6 தான். தேங்காய் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஒன்றுக்கும் கீழே. எந்த எண்ணெயானாலும் அதிலேயே நில்லுங்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாரா? பெரும்பாலானவை ஐ.என்.ஆரை ஏற்றும், மெட்ரோனிடசோல், கோ-டிரைமாக்சசோல் இரண்டும் இதில் பெயர் பெற்றவை. மூட்டுவலிக்கு பாராசிட்டமாலை நாளைக்கு 2 கிராமுக்கு மேல் பல நாள் தொடர்ந்து போட்டாலும் ஏறும். வயிற்றுப்போக்கு வந்தாலும் ஏறும்.

ஒரு நோட்டில் நாள், மாத்திரை அளவு, கீரை உண்டா இல்லையா, வேறு மருந்து, ஐ.என்.ஆர். என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். மூன்று மாத நோட்டைப் பார்த்தாலே மருத்துவருக்குப் பாதிக் கேள்வி மிச்சம்.

கே: மேலே சொன்ன மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு முருங்கைக்காய், முட்டைக்கோஸ், வெண்டைக்காய், கொத்தமல்லிச் சட்னி எல்லாம் ஆகுமா? (வாசகி, ஈரோடு)

ப: முருங்கைக்காய் ஆகும். வைட்டமின் கே குவிந்திருப்பது இலையில்தான். பாலக்கீரையில் 100 கிராமுக்கு 480 மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது. பெரியவருக்கு ஒரு நாள் தேவையே 90 முதல் 120 என்று அமெரிக்க அளவுகோல் சொல்கிறது. கொத்தமல்லித் தழையில் 300 சொச்சம். முட்டைக்கோஸ் 75, வெண்டைக்காய் 30, காலிஃபிளவர் 15, கேரட் 13, தக்காளி 8, கத்தரிக்காய் 4, உருளை 2, வாழைப்பழத்தில் அரை மைக்ரோகிராம்கூடத் தேறாது. அரிசி, பருப்பு, பால், மோர் பற்றிக் கவலையே வேண்டாம். ரசத்தில் தூவும் நாலு தழையும் ஒரு கணக்கே இல்லை. ஒரு கட்டு மல்லியை அரைத்து வழித்துச் சாப்பிடும் சட்னி கீரைக்குச் சமம். அதைக் கீரை நாளில் கீரைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: புதிதாக வந்திருக்கும் மாத்திரைகளுக்குக் கீரைப் பத்தியமே கிடையாதாமே? அதற்கு மாறிவிடலாமா? (வாசகர், திருச்சி)

ப: இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போன பலருக்கும், காலில் ரத்தம் கட்டியவர்களுக்கும் மாறலாம். ரிவாராக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் மூன்றும் வைட்டமின் கே வழியில் குறுக்கிடுவதில்லை. உலோக வால்வு வைத்தவர்களுக்கு மட்டும் கூடாது. அவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வு, கட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவு வெளியானது 2013-ல். கீல்வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களுக்கும் இன்றுவரை பழைய மாத்திரைதான்.

கே: வயது 58. துடிப்புக் கோளாறுக்கு ரிவாராக்சபான் 20 மி.கி. தினமும் காலை எழுந்ததும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடுகிறேன். ரமலான் நோன்பு வருகிறது. எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்? (வாசகர், ஆம்பூர்)

ப: நோன்பு இருக்கட்டும். இப்போதே மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது. ரிவாராக்சபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் 20 மி.கி. மாத்திரையில் மூன்றில் இரண்டு பங்குதான் ரத்தத்தில் சேரும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் கிட்டத்தட்ட முழுவதும் சேரும். நீங்கள் 20-க்குக் காசு கொடுத்து 13 சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறு, இதற்கு நிறைந்த வயிறு. இரண்டும் சேரவே சேராது.

இரவுச் சாப்பாட்டோடு போடும் வழக்கத்துக்கு மருத்துவரைக் கேட்டு மாறிவிடுங்கள். நோன்பு மாதத்தில் அது தானாகவே நோன்பு திறந்தபின் சாப்பிடும் சாப்பாட்டோடு பொருந்தும். பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சி ஒரு வாயும் எடுத்த கையோடு போடாமல், மக்ரிப் தொழுகைக்குப் பின் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடும்போது போடுங்கள்.

அபிக்சபான் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் நாளைக்கு இரண்டு வேளை. விடிகாலைச் சஹருக்கும் மாலை இஃப்தாருக்கும் நம் ஊரில் பகலில் 13, 14 மணி நேர இடைவெளி, இரவில் 10 மணி நேரம். அது பரவாயில்லையா என்பதைச் சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டாபிகாட்ரான் குளிகையைப் பிரித்து உள்ளே இருக்கும் குருணையைத் தேனில் குழைத்துத் தருகிற வீடுகள் இருக்கின்றன. அப்படிச் செய்தால் உடம்பில் சேரும் மருந்து முக்கால் பங்கு அதிகமாகி ரத்தக்கசிவில் விடும். குளிகையை முழுசாக, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஏகாதசி, சஷ்டி விரதக்காரர்களுக்கும் இதேதான்.

கே: வயது 42, ஐ.டி. வேலை. சர்க்கரை நான்கு வருடமாக இருக்கிறது. டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பில் ஒரு வகை) 380. 'ரத்தம் கெட்டியாக இருக்கிறது, கட்டி வந்துவிடும்' என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். தினமும் பச்சைப் பூண்டு ஆறு பல், மஞ்சள் கேப்ஸ்யூல் இரண்டு சாப்பிடுகிறேன். ஆஸ்பிரினும் சேர்த்துக்கொள்ளலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: 'கெட்டி ரத்தம்', 'இளகிய ரத்தம்' என்று பேசுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் எந்த மாத்திரையும் ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. உறையும் வேலையில் ஏதோ ஒரு கண்ணியைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான்.

கட்டி இரண்டு வகை. இதயம், மூளைத் தமனிகளில் வருவது: உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அந்த இடத்தில் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்டி அடைத்துக்கொள்வது. கால் நரம்பில், அதாவது சிரையில் வருவது: ஓட்டம் மந்தமாகி ரத்தம் நின்ற இடத்தில் உறைவது. உங்கள் விஷயம் முதல் வகை. இதில் சாப்பாட்டின் பங்கு பெரியது, ஆனால் அது பூண்டின் வழியே வருவதில்லை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது தட்டணுக்கள் சின்னத் தூண்டுதலுக்கே ஒட்டிக்கொள்கின்றன. கட்டியின் வலையாகும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தில் சர்க்கரை ஏறிக்கொள்வதால், கட்டி உருவானால் வலை நெருக்கமாக, கரைக்கக் கடினமாக விழுகிறது. வயிற்றுக் கொழுப்பும் டிரைகிளிசரைடும் கூடினால் பி.ஏ.ஐ.-1 என்ற பொருள் கூடும். உடம்பு தானே கட்டியைக் கரைக்கும் வேலைக்கு அது பிரேக். இந்தப் பொருள் விடிகாலையில் உச்சத்தில் இருப்பது, மாரடைப்பு காலையில் அதிகம் வருவதற்கு ஒரு காரணம். கொழுப்பு நிறைந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின் சில மணி நேரம் ஏழாவது உறைபுரதமும் முடுக்கிவிடப்படுகிறது. இரவு பத்தரைக்குப் பரோட்டா, சால்னா, மேலே இனிப்பு என்று முடித்துப் படுப்பது இத்தனையையும் ஒரே ராத்திரியில் ஒன்று சேர்க்கும்.

380-ஐ இறக்க வழி இது. சர்க்கரை போட்ட காபி, டீ, பாட்டில் பானம், பழச்சாறு முதலில் போகட்டும். டிரைகிளிசரைடைக் கல்லீரல் பெருமளவு செய்வது இந்த இனிப்பிலிருந்துதான். மது இருந்தால் அதுவும் போகட்டும். 'வார இறுதியில் மட்டும்' என்பது டிரைகிளிசரைடுக்குத் தெரியாது. மதியச் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயும் பருப்பும் சுண்டலும் வையுங்கள். சோற்றுக்குப் பதில் நாலு சப்பாத்தி என்பது கணக்கை மாற்றாது. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம், உங்கள் எடை 80 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ குறைந்தால் டிரைகிளிசரைடு ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் மெல்ல நடந்தால் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை மட்டுப்படும். வனஸ்பதியில் பொரித்த பேக்கரிப் பண்டத்துக்கும் விடை கொடுங்கள். எண்ணெய்-கொழுப்புகளிலும் அவற்றால் செய்த பண்டங்களிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2022 முதல் நம் நாட்டுச் சட்டம். ஆனால் ஒரே எண்ணெயில் ஏழாவது முறையாகப் பொரிக்கும் கடைக்குச் சட்டம் எட்டுவதில்லை. புகைக்கிறீர்களா என்று எழுதவில்லை. புகைத்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்த வேண்டும். மறுபரிசோதனை மூன்று மாதத்தில், 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு. 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அப்போது மருந்து தள்ளிப்போடக் கூடாது.

பூண்டு குழம்பில், ரசத்தில் எவ்வளவு வேண்டுமானாலும். பச்சைப் பூண்டில் தட்டணு ஒட்டுவதைச் சற்றுத் தடுக்கும் பொருள் உண்டு என்பது நிஜம். மாரடைப்பைத் தடுக்கும் அளவுக்கு என்பது நிஜமில்லை. அறுவை சிகிச்சைக்குப் பொதுவாக ஒரு வாரம் முன்பே பூண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். பல் பிடுங்கப் போனாலும் சொல்லிவிடுங்கள். மஞ்சள் கேப்ஸ்யூல் வேறு ரகம். சமையலில் போடும் கால் டீஸ்பூன் மஞ்சளில் அதன் முக்கியப் பொருளான குர்குமின் சொற்பம், அதிலும் உடம்பில் சேர்வது சொற்பத்திலும் சொற்பம். கேப்ஸ்யூலில் செறிவாக்கி, உடம்பில் ஏற மிளகின் பைப்பரினும் சேர்த்திருப்பார்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் மஞ்சள் சேர்ந்த பொருளை ஆரம்பித்ததும் ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டிய சம்பவத்தை நியூசிலாந்து மருந்து ஒழுங்குமுறைத் துறை 2018-ல் எச்சரிக்கையாக வெளியிட்டது. உங்களுக்கு அதை எழுதித் தந்தவர் யாருமில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

ஆஸ்பிரின்: தானாக ஆரம்பிக்காதீர்கள். இதயநோய் வராத 15,480 சர்க்கரை நோயாளிகளைப் பாதிப்பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு தினம் 100 மி.கி. கொடுத்து ஏழு வருடத்துக்கும் மேல் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2018-ல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6 சதவீதத்திலிருந்து 8.5-க்கு இறங்கின, பெரிய ரத்தக்கசிவு 3.2-லிருந்து 4.1-க்கு ஏறியது. கிட்டத்தட்ட வரவுக்கும் செலவுக்கும் சரி. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் கணக்கு முற்றிலும் வேறு. அவர்கள் ஒருநாள்கூட விடக் கூடாது.

கே: நாங்கள் கடலோரக்காரர்கள், வாரம் நாலு நாள் மீன்தான். ஒமேகா-3 மாத்திரையும் வேண்டுமா? (வாசகி, தூத்துக்குடி)

ப: வேண்டாம். சாதாரண 1000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரையில் ஒமேகா-3 வகைகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து 300 மி.கி.தான் இருக்கும். 100 கிராம் மத்தி மீன் (சாளை) நாலைந்து மாத்திரைக்குச் சமம், விலையும் கம்மி, ருசியும் உண்டு. கானாங்கெளுத்தி, நெத்திலியும் நல்லவை. வஞ்சிரம்தான் உசத்தி என்ற எண்ணத்துக்கு இந்தக் கணக்கில் ஆதாரமில்லை. குழம்பில் போட்டால் நல்ல கொழுப்பு குழம்பிலேயே தங்கும். ஆழப் பொரித்தால் ஒரு பகுதி எண்ணெய்ச் சட்டிக்குப் போய், சட்டி எண்ணெய் மீனுக்குள் வரும். கருவாட்டில் உப்பு, ரத்த அழுத்தக்காரர்கள் அதை மீன் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மீன் எண்ணெய் ரத்தக்கட்டியைத் தடுக்கும் என்ற பேச்சு கிளம்பியது 1970-களில். கிரீன்லாந்தின் இனுயிட் மக்களுக்கு ரத்தம் நிற்கக் கூடுதல் நேரமாவதை டென்மார்க்கின் பாங், டயர்பெர்க் இருவரும் கண்டார்கள். அவர்கள் சாப்பிட்டது சீல், திமிங்கிலம், மீன், அதுவும் நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத அளவில். இரண்டு மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. மாறாக, நாளைக்கு 4 கிராம் அளவில் கொடுத்த ஆய்வுகளில் இதயத் துடிப்புக் கோளாறு சற்றுக் கூடியது. துடிப்புக் கோளாறே மூளைக்குக் கட்டி போகும் பெருவழி.

கே: பரம்பரைச் சைவம். சர்க்கரைக்கு எட்டு வருடமாக மெட்ஃபார்மின். ஹோமோசிஸ்டீன் (பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஓர் அமினோ அமிலம்) 32 என்று வந்து, 'ரத்தக்கட்டி ஆபத்து' என்று அறிக்கையில் சிவப்பு மையில் அச்சடித்திருக்கிறார்கள். தினமும் இட்லி, பழைய சோறு சாப்பிடுகிறேனே, பி12 அதிலேயே கிடைக்காதா? (வாசகர், கும்பகோணம்)

ப: கிடைக்காது. மாவு புளிப்பதால் பி12 பெருகும் என்று பரவியிருக்கும் செய்தியை நம்பி இருந்துவிட முடியாது. சைவத்தில் நம்பகமான வழி பாலும் தயிரும். 100 மில்லியில் அரை மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு. நாளைக்கு அரை லிட்டர் அளவில் சேர்ந்தால் அன்றாடத் தேவை தேறும். ஏற்கெனவே காலியான கிடங்கை அது நிரப்பாது. மெட்ஃபார்மின் வேறு பி12 சேர்வதைக் குறைக்கிறது. நாலைந்து வருடத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் பி12 பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் 32-ஐ நம்புவதற்கு முன் ஒரு விசாரணை. ரத்தத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு மணிக்கணக்கில் கழித்துப் பிரித்தால், சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்து மணிக்குப் பத்து சதவீதம் வரை கூடும். வீட்டுக்கு வந்து எடுத்து, பைக்கில் ஊர் சுற்றி ஆய்வகம் போன மாதிரிகளில் இது சகஜம். ஐஸில் வைத்தார்களா என்று கேளுங்கள். பி12, தைராய்டு, கிரியாட்டினின் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் சிறுநீரகம் தளர்ந்தாலும் இது கூடும்.

பி12 குறைவு என்றால் ஊசியோ, தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரையோ மருத்துவர் தருவார். ஃபோலிக் ஆசிட் மட்டும் தனியே சாப்பிட்டால் ரத்தசோகை மறைந்து நரம்புச் சேதம் உள்ளே தொடரும், அது வேண்டாம். இரண்டு மாதத்தில் எண் இறங்கும். அதனால் மாரடைப்பு குறையுமா? 2006-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை. உங்கள் கால் மரத்துப்போகாமலும் ஞாபகம் மங்காமலும் இருக்கத்தான் இந்தச் சிகிச்சை. சிவப்பு மைக்குப் பயப்பட வேண்டாம்.

கே: சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு மாதம் இரண்டுமுறை பஸ் பயணம், 12 மணி நேரம். எடை 92 கிலோ. வழியில் கழிப்பறை வசதி சரியில்லாததால் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. காலில் ரத்தம் கட்டும் என்கிறார்களே? (வாசகி, சென்னை)

ப: உங்கள் தயக்கம் நியாயமானது, பேருந்து நிலையக் கழிப்பறைகள் நோய் பரப்பும் இடங்கள் என்ற புகாரை வேறு பக்கத்தில் எழுத வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் சிரையில் கட்டி வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. விமானம், பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இரண்டு மடங்கு என்றாலும் ஆரோக்கியமானவர்களில் அது சுமார் ஆறாயிரத்தில் ஒருவர். உடல் பருமன், கருத்தடை மாத்திரை, சமீபத்திய பிரசவம் அல்லது அறுவை, குடும்பத்தில் கட்டி வந்த வரலாறு சேர்ந்தால் எண் மாறும்.

இங்கே சாப்பாட்டின் பங்கு எடை வழியாகத்தான் அதிகம். தண்ணீர் விஷயத்தில் ஒரே மூச்சில் குடிக்காமல், பகல் முழுக்க வழக்கம்போல் குடித்து, ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன் நிறுத்தி, ஏறுமுன் கழிப்பறை போய்வாருங்கள். வண்டியில் மணிக்கு இரண்டு வாய். கடைசி நேரத்தில் டீ, காபி, உப்பு மிக்சர் வேண்டாம். நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். ஜன்னலோரத்தில் மாட்டிக்கொண்டவர் எழுந்திருப்பதே இல்லை. அரைமணிக்கு ஒருமுறை குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களை மேலே, பிறகு விரலை ஊன்றிக் குதிகாலை மேலே, முப்பது தடவை. வண்டி நிற்கும் இடமெல்லாம் இறங்குங்கள். காலுக்கடியில் பையைத் திணித்துக்கொள்ளாதீர்கள். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பது மோசம். முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறை உதவும். அளவெடுத்து வாங்குங்கள், முழங்காலுக்குக் கீழே சுருண்டு இறுக்கினால் தீமை.

பயணம் முடிந்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, கனத்து, சூடாக வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள். நேராக மருத்துவமனை, டாப்ளர் ஸ்கேன். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் 108.

கே: சர்க்கரைக்குக் கறுவாப்பட்டைத் தூள் தினம் ஒரு கரண்டி வெந்நீரில் குடிக்கிறேன். அதில் 'கூமரின்' இருக்கிறது, வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் கசியும் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: பெயர்ப் பொருத்தத்தால் வந்த குழப்பம், பாதி உண்மையும் கலந்தது. 1920-களில் வட அமெரிக்கச் சமவெளிகளில் மாடுகள் கொம்பு சீவிய சின்னக் காயத்திலேயே ரத்தம் நிற்காமல் செத்தன. ஈரத்தில் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் என்ற தீவனச் செடியின் வைக்கோல்தான் காரணம். அந்தச் செடியில் இயல்பாக உள்ள கூமரின் ரத்தத்தை ஒன்றும் செய்யாது. பூஞ்சை அதை டைகூமராலாக மாற்றியபோதுதான் விஷமானது. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் குழு அதைப் பிரித்தெடுத்தது. அதன் வழித்தோன்றல் வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகவும் 1954-ல் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது.

ஆகவே பட்டையிலுள்ள கூமரின் நேராக ரத்தத்தைக் கசிய விடாது. ஆனால் அதிகமானால் கல்லீரலைப் பாதிக்கும். கல்லீரல் தளர்ந்தால் வார்ஃபரின் கணக்கும் தப்பும். உங்கள் நாட்டு அசல் கறுவாவில் கூமரின் கிட்டத்தட்ட இல்லை. சந்தையில் மலிவாக வரும் தடித்த காசியா பட்டையில் நிறைய. ஒரு தேக்கரண்டித் தூளிலேயே 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு நாள் வரம்பான 6 மி.கி. தாண்டிவிடலாம். மெல்லிய தாள்களாகச் சுருண்டு விரலில் நொறுங்குவது கறுவா. ஒற்றைத் தடித் தோலாக, உடைக்கச் சிரமமாக இருப்பது காசியா. தூளாக வாங்கினால் வித்தியாசம் தெரியாது. சர்க்கரையைக் குறைக்க இது ஒரு மாத்திரைக்கும் ஈடாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: அசிட்ரோம் சாப்பிடுகிறேன். பண்டிகைக்கு இரண்டு பெக் ஆகுமா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

ப: ஒரே நாளில் நிறையக் குடித்தால் கல்லீரல் மாத்திரையைக் கழிக்கும் வேலையை விட்டுவிடும், ஐ.என்.ஆர். ஏறும். தினமும் குடிப்பவருக்கு மாத்திரை சீக்கிரம் கழிந்து இறங்கும். விழுந்து தலையில் அடிபட்டால் ஏறிய ஐ.என்.ஆரோடு மூளையில் ரத்தம் கசியும். மூன்றாவது பெக்கில் எண்ணுகிறவர் யார்? விட்டுவிடுங்கள்.

கே: ஐ.என்.ஆர். பார்க்க வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? மாத்திரையை எப்போது போடுவது? ஒருநாள் மறந்தால்? (வாசகி, வேலூர்)

ப: சாப்பிட்டுவிட்டே போகலாம். மாத்திரையை மாலை ஆறு, ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் போடும் வழக்கம் வசதி. காலையில் ரத்தம் கொடுத்து, மதியம் முடிவு வந்து, அளவை மாற்றச் சொன்னால் அன்று மாலையே மாற்றலாம். மறந்தது அன்றிரவுக்குள் ஞாபகம் வந்தால் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டதை விட்டுவிட்டு அன்றைய அளவை மட்டும் போட்டு, நோட்டில் எழுதுங்கள். இரண்டு சேர்த்துப் போடக் கூடாது. ஒரே மருந்து 1, 2, 3, 4 மி.கி. என்று வெவ்வேறு அட்டைகளில் வரும். கடைக்காரர் '4 இல்லை, 2 தருகிறேன், இரண்டாகப் போடுங்கள்' என்றால் பழைய அட்டையை வீட்டில் தனி டப்பாவில் பூட்டிவையுங்கள்.

கரிய மலம், சிவந்த சிறுநீர், பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத மூக்கு ரத்தம், இதுவரை வராத தலைவலி வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். வாய் கோணினால், கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால் அந்த நிமிடத்தின் மணியைப் பார்த்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அசிட்ரோம் சாப்பிடுகிறவர் என்பதையும் கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு என்பதையும் மருத்துவர் முதலில் கேட்பார். அந்த நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.